அபூர்வக் கட்டி: குணமான பிறகும் ஏன் போய்க் காட்ட வேண்டும்?

"கட்டியை முழுசா எடுத்தாச்சு, இனி பயப்பட ஒண்ணுமில்ல" என்று மருத்துவர் சொன்னதும் வீட்டார் எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வருகிறது. அதை அடுத்து அவர் சொல்வது பல நேரம் காதில் ஏறுவதில்லை: "ஆனா வருஷா வருஷம் வந்து காட்டிட்டுப் போகணும்." முதல் இரண்டு வருடம் ஒழுங்காகப் போகிறார்கள். ஸ்கேன் நார்மல், ரத்தப் பரிசோதனை நார்மல். மூன்றாம் வருடம் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு வருகிறது. நான்காம் வருடம் வேலை மாறி, ஊரும் மாறிவிடுகிறது. "நல்லாத்தானே இருக்கோம், எதுக்கு வீணா அலையணும்?" என்று கேட்கத் தோன்றுகிறது.

நியாயமான கேள்விதான். பஸ் செலவு, ஒரு நாள் கூலி, ஸ்கேன் கட்டணம், ரிப்போர்ட் வரும்வரை தூக்கமில்லாத இரவுகள் என்று கொடுக்கிற விலை கொஞ்சமில்லை. எல்லா நோய்க்கும் இந்த அலைச்சல் ஒரே அளவு தேவைப்படுவதும் இல்லை. ஆனால் அபூர்வமான கட்டிகளைப் பொறுத்தவரை, சிகிச்சை முடிந்த பின் பல ஆண்டுகள் தொடரும் கண்காணிப்பு சிகிச்சையின் ஒரு பகுதியே. அது நோயாளியைக் காக்கிறது, அவர் குடும்பத்தைக் காக்கிறது, அதே நோயோடு நாளை வரப்போகும் முகம் தெரியாதவர்களையும் காக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

எதை அபூர்வம் என்கிறார்கள்?

ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு 6 பேருக்கும் குறைவாகப் புதிதாக வரும் புற்றுநோயை ஐரோப்பிய வகைப்பாடு அபூர்வம் என்று கொள்கிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் அந்த வரம்பை 15 பேர் என்று வைத்திருக்கிறது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் அரிது. எல்லாவற்றையும் கூட்டினால் ஐரோப்பாவில் கண்டுபிடிக்கப்படும் புற்றுநோய்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் இந்த அபூர்வ வகைகள்தான். ஆகவே இது ஏதோ ஒரு சிலரின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது.

அரிதாக இருப்பதால் வரும் முதல் சிக்கல், நோயின் பெயரே சரியாக அமையாமல் போவது. வருடத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் பார்க்கும் ஆய்வகத்தில், பயாப்சி எடுத்த திசுவை வேறு கட்டி என்று எண்ணிவிட வாய்ப்பு உண்டு. அதனால்தான் அபூர்வக் கட்டி என்று சந்தேகம் வந்தால் ஸ்லைடையும் மெழுகில் பதித்த திசுத் துண்டையும் அனுபவம் மிகுந்த இன்னொரு நிபுணரிடம் காட்டச் சொல்கிறார்கள்.

இரண்டாவது சிக்கல் இதைவிட ஆழமானது. மார்பகப் புற்றுநோய் பற்றி ஒரு சந்தேகம் எழுந்தால் ஆயிரக்கணக்கான பெண்களைச் சேர்த்து ஆய்வு நடத்திச் சில ஆண்டுகளில் விடை காணலாம். அபூர்வக் கட்டியில் அத்தனை பேர் கிடைக்க மாட்டார்கள். இந்தக் கட்டி திரும்ப வருமா, எத்தனை ஆண்டு கழித்து வரும், கொடுத்த மருந்து பிற்காலத்தில் வேறு தொல்லை தருமா என்பதற்கெல்லாம் ஒரே வழிதான் இருக்கிறது. வந்த சிலரையும் விடாமல், நீண்ட காலம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணிக்கையில் குறைவதை ஆண்டுகளால் ஈடுகட்ட வேண்டும்.

இதைத் தெளிவாகக் காட்டும் நோய் ஒன்று உண்டு. அது குழந்தைகளின் கண்ணில் வருவது.

விழித்திரையில் வரும் கட்டி

ரெட்டினோபிளாஸ்டோமா விழித்திரையில் தோன்றும் புற்றுக்கட்டி. சுமார் 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு வருகிறது. பெரும்பாலும் 5 வயதுக்குள் தெரிந்துவிடும். கண்மணிக்குள் வெள்ளையாக ஏதோ மின்னுவது முக்கியமான அறிகுறி. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிவதைப் பார்த்துக் கண்டுபிடித்த பெற்றோர் பலர். புதிதாக வந்த மாறுகண்ணும் அறிகுறியாக இருக்கலாம். "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று விட்டுவிடாமல் உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற கண் மருத்துவமனைகளில் இதற்குச் சிகிச்சை உண்டு. சீக்கிரம் வந்தால் உயிரைக் காப்பாற்றலாம். பல நேரம் பார்வையையும் காப்பாற்றலாம். வசதியுள்ள நாடுகளில் இந்த நோய் வந்த குழந்தைகளில் 95 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கிறார்கள்.

இந்த நோய்க்குக் காரணம் ஆர்பி1 என்ற மரபணு. செல் தன்னிஷ்டத்துக்குப் பெருகாமல் தடுக்கும் பிரேக் அது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என ஒவ்வொரு செல்லிலும் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கெட்டால் மற்றது தாங்கிக்கொள்ளும். ஒரே செல்லில் இரண்டும் கெட்டால்தான் கட்டி.

இதை 1971-ல் கணக்குப் போட்டுச் சொன்னவர் ஆல்ஃபிரட் நூட்சன் என்ற அமெரிக்க மருத்துவர். ஹூஸ்டன் நகரின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் பார்த்த 48 குழந்தைகளின் பதிவேடுகளை அவர் எடுத்துக்கொண்டார். இரு கண்ணிலும் கட்டி வந்த குழந்தைகளுக்கு நோய் சீக்கிரமாகவும், ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களுக்குச் சற்றுத் தாமதமாகவும் தெரிந்திருந்தது. முதல் வகைக் குழந்தைகள் பிறக்கும்போதே ஒரு பழுதோடு பிறக்கிறார்கள், இன்னொன்று கெட்டாலே போதும். இரண்டாம் வகையில் பிறந்த பிறகு இரண்டுமே கெட வேண்டும், அதனால்தான் தாமதம் என்று அவர் ஊகித்தார். 1986-ல் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தபோது அவர் சொன்னது சரியென்று தெரிந்தது. 48 குழந்தைகளின் ஒழுங்கான பதிவேடுகளிலிருந்து, புற்றுநோய் பிறப்பது எப்படி என்ற அடிப்படைப் பாடம் ஒன்று உலகுக்குக் கிடைத்தது.

ஐம்பது ஆண்டு பார்த்ததில் தெரிய வந்தது

பிறவியிலேயே பழுதான மரபணுவோடு வந்த குழந்தைக்கு அந்தப் பழுது கண்ணில் மட்டும் இருப்பதில்லை, உடம்பின் எல்லாச் செல்களிலும் இருக்கிறது. கண்ணை அகற்றினாலும், கட்டியைக் கரைத்தாலும் மீதி உடம்பில் அது இருந்துகொண்டேதான் இருக்கும். இதன் விளைவு என்ன என்பது சிகிச்சை முடிந்த முதல் ஐந்து வருடத்தில் தெரியவில்லை. குழந்தைகள் வளர்ந்து, மணமாகி, நடுவயதை எட்டிய பிறகுதான் தெரிந்தது.

அமெரிக்காவில் இரண்டு மருத்துவ மையங்களில் 1914 முதல் 1984 வரை கண்டறியப்பட்டு உயிர் பிழைத்த 1,601 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2005-ல் வெளியானது. பிறவிப் பழுதால் நோய் வந்த பரம்பரை வகையினரில், நோய் கண்டறிந்து 50 ஆண்டுகளுக்குள் வேறொரு புதிய புற்றுநோய் வரும் வாய்ப்பு 36 சதவீதம். பரம்பரை அல்லாத வகையில் அது 5.7 சதவீதம் மட்டுமே. முதல் வகையினருக்குப் பதின்பருவத்தில் எலும்புப் புற்று, பிறகு தசை போன்ற மென்திசுக்களில் புற்று, தோலில் மெலனோமா என்று வயதுக்கேற்ப வெவ்வேறு இடங்களில் வந்தன. பழைய நோய் பரவி வந்தவை அல்ல இவை. புதிதாக முளைத்தவை.

இன்னொன்றும் தெரிந்தது. அந்தக் காலத்தில் கண்ணைக் காப்பாற்ற வெளியிலிருந்து கதிர்வீச்சு கொடுப்பது பரவலான சிகிச்சை. பரம்பரை வகைக் குழந்தைகளில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு, பெறாதவர்களைவிட, இரண்டாவது புற்று வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு கூடியிருந்தது. கதிர் பட்ட முகம், நெற்றிப் பொட்டு, கண்குழி ஆகிய இடங்களிலேயே பல கட்டிகள் வந்தன. ஒரு வயதுக்குள் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம் என்றும் கண்டார்கள்.

இது தெரிந்த பிறகு சிகிச்சையே மாறியது. 1990-களின் நடுவிலிருந்து கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, லேசராலோ உறைய வைத்தோ அழிக்கும் முறை முன்னுக்கு வந்தது. 2006 முதல் நியூயார்க்கில், கண்ணுக்குப் போகும் ரத்தக் குழாய்க்குள் நுண்குழாய் விட்டு மருந்தை நேரே செலுத்தும் முறையை வளர்த்தெடுத்தார்கள். இன்று ஒரு குழந்தைக்கு வெளிக் கதிர்வீச்சு கொடுப்பது, வேறு வழியில்லை என்ற நிலையில் மட்டுமே.

கதிர்வீச்சு வேண்டாம் என்று இன்று ஒரு மருத்துவர் பெற்றோரிடம் துணிந்து சொல்கிறார் என்றால், அதற்குப் பின்னால் நாற்பது ஐம்பது ஆண்டுகள் தவறாமல் கடிதத்துக்குப் பதில் எழுதியவர்களும், மருத்துவமனைக்கு வந்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். தங்களுக்கு நேர்ந்ததை மறைக்காமல் சொன்னதால், பின்னால் பிறந்த குழந்தைகளுக்கு அது நேராமல் போனது. இதைவிடப் பெரிய கொடை இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

எதை, எந்த வயதில் பார்க்க வேண்டும்?

கண்காணிப்பு என்றால் வருடா வருடம் எல்லா ஸ்கேனும் எடுப்பது என்று பொருள் இல்லை. எந்த வயதில் எந்த ஆபத்தோ, அதற்கேற்ற கவனம் போதும். ரெட்டினோபிளாஸ்டோமாவையே எடுத்துக்கொள்வோம்.

சிறு வயதில் முதல் கவலை கண்தான். புதுக் கட்டி முளைக்கிறதா என்று சில வாரங்களுக்கு ஒருமுறை மயக்க மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள். வயது ஏற ஏற இடைவெளி நீள்கிறது. பரம்பரை வகைக் குழந்தைகளில் சிலருக்கு மூளையின் பினியல் சுரப்பிப் பகுதியிலும் கட்டி வரக்கூடும் என்பதால், முதல் சில ஆண்டுகள் எம்ஆர்ஐ எடுக்கும் வழக்கம் உண்டு. கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்து சில குழந்தைகளின் காது கேட்கும் திறனைக் குறைக்கும். ஆகவே காதையும் சோதிக்க வேண்டும்.

பதின்பருவத்தில் கால் எலும்பில் கவனம். முழங்காலுக்கு அருகே வாரக்கணக்கில் விடாத வலியோ வீக்கமோ வந்தால், "வளர்ற வயசு வலி" என்றும் "விளையாடும்போது அடிபட்டிருக்கும்" என்றும் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. எந்த மருத்துவரிடம் போனாலும், சிறுவயதில் கண்ணில் இந்தக் கட்டி இருந்தது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

பெரியவரானதும் தோலில் மாறும் மச்சங்களைப் பார்க்க வேண்டும். பெண்கள் முறையற்ற உதிரப்போக்கை அலட்சியம் செய்யக் கூடாது. கர்ப்பப்பைத் தசையில் வரும் புற்று இவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. புகையிலை அறவே கூடாது. சிடி ஸ்கேன், எக்ஸ்ரே போன்ற கதிர்ச் சோதனைகளைத் தவிர்க்க முடியாத போது மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற நேரத்தில் எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்ட் போதுமா என்று கேட்க வேண்டும்.

அடுத்தது குடும்பம். பரம்பரை வகை உள்ளவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தப் பழுது போய்ச் சேரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பழுது வந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்குக் கட்டியும் வரும். மரபணுப் பரிசோதனை செய்து வைத்திருந்தால், பிறந்த சில நாளிலேயே குழந்தையின் கண்ணைப் பார்த்து, கட்டி கடுகளவு இருக்கும்போதே அழித்துவிட முடியும். ஆனால் தாய்க்குத் தனக்கு என்ன நோய் வந்தது என்று தெரிந்திருந்தால்தானே இது நடக்கும்? "ரெண்டு வயசுல கண்ணுல ஏதோ ஆபரேஷன்" என்று மட்டும் தெரிந்த தாய், தன் குழந்தையை யாரிடம், எதற்காகக் காட்டுவாள்?

ஐந்து வருடம் போதாத கட்டிகள்

ஐந்து வருடம் தாண்டிவிட்டால் புற்று போய்விட்டது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக ஊன்றியிருக்கிறது. சில பொதுவான புற்றுகளுக்கு அது பெருமளவு பொருந்தும். பல அபூர்வக் கட்டிகளுக்குப் பொருந்தாது.

சினைப்பையில் வரும் கிரானுலோசா செல் கட்டி ஓர் உதாரணம். இது மெதுவாக வளரும். பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சையிலேயே குணம் தெரியும். ஆனால் பத்து, இருபது வருடம் கழித்தும் வயிற்றுக்குள் திரும்புவது இதன் சுபாவம். இது சுரக்கும் இன்ஹிபின் என்ற பொருளை ரத்தத்தில் அளந்து முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். இதற்குச் செலவும் அலைச்சலும் அதிகமில்லை. நினைவு வைத்துக்கொள்வதுதான் கடினம்.

உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா இன்னொன்று. ஐந்தாம் ஆண்டில் கணக்கெடுத்தால் பெரும்பாலோர் நலமாக இருப்பார்கள். பதினைந்தாம் ஆண்டுக் கணக்கு அப்படி இருக்காது. நரம்பு வழியே மெல்லப் படரும் இந்தக் கட்டி, நெடுநாள் கழித்து நுரையீரலில் தலைகாட்டும்.

சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் வருவது ஃபியோகுரோமோசைட்டோமா. திடீர்த் தலைவலி, வியர்வை, படபடப்பு, ஏறி இறங்கும் ரத்த அழுத்தம் இதன் அடையாளங்கள். முன்பு இதைச் சாதாக் கட்டி, புற்றுக் கட்டி என்று இரண்டாகப் பிரித்தார்கள். சாதா என்று சொல்லி அனுப்பியவர்களில் சிலருக்குப் பல ஆண்டு கழித்து எலும்பிலும் ஈரலிலும் பரவியதைப் பார்த்த பிறகு, 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அந்தப் பிரிவினையைக் கைவிட்டது. இந்த வகைக் கட்டி எதுவும் பரவக்கூடும் என்பதே இன்றைய நிலை. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைக் குறைந்தது 10 ஆண்டுகள், ஆண்டுதோறும் பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2016-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. இளம் வயதில் வந்தவர்கள், பெரிய கட்டி இருந்தவர்கள், பரம்பரைப் பழுது உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆயுள் முழுதும்.

குடல் சுவரிலும் இரைப்பைச் சுவரிலும் வரும் ஜிஸ்ட் என்ற கட்டி, நீண்ட கண்காணிப்பு சிகிச்சையின் அளவையே எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்குச் சான்று. 2000-க்கு முன் அறுவை சிகிச்சை தவிர இதற்கு மருந்து இல்லை. இமாட்டினிப் மாத்திரை வந்ததும் நிலைமை மாறியது. அறுவைக்குப் பின் அதை ஒரு வருடம் சாப்பிட்டால் போதுமா, மூன்று வருடம் வேண்டுமா? ஃபின்லாந்து, நார்வே, ஸ்வீடன், ஜெர்மனி ஆகிய நாடுகளில், நோய் திரும்பும் ஆபத்து அதிகமுள்ள 400 பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள். பத்தாண்டு முடிவில், மூன்று வருடம் சாப்பிட்டவர்களில் 79 சதவீதம் பேரும், ஒரு வருடம் சாப்பிட்டவர்களில் 65 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். அந்த 400 பேரில் பலர் இரண்டாம் வருடத்தோடு வருவதை நிறுத்தியிருந்தால் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரிந்திருக்காது. மாத்திரையை நிறுத்திய அடுத்த சில ஆண்டுகளில்தான் கட்டி திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதும் இப்படித் தெரிந்ததே. மாத்திரை முடிந்தது, இனி ஸ்கேன் எதற்கு என்று நினைக்கும் நேரமே ஸ்கேன் மிகவும் தேவைப்படும் நேரம்.

முத்துப்பிள்ளை கர்ப்பம்: ரத்தப் பரிசோதனை காக்கும் உயிர்

கரு வளராமல், நஞ்சுக்கொடித் திசு மட்டும் குலை குலையாக வளரும் நிலையைத்தான் முத்துப்பிள்ளை கர்ப்பம் என்கிறோம். அதைச் சுத்தம் செய்த பின் பெரும்பாலான பெண்களுக்குத் தொல்லை இல்லை. ஆனால் கருவே இல்லாத 'முழு முத்துப்பிள்ளை' வகையில் சுமார் 15 சதவீதப் பெண்களுக்கு மிச்சத் திசு மறுபடி வளர ஆரம்பித்து, கீமோ தேவைப்படுகிறது.

அந்த வளர்ச்சியை ஹெச்சிஜி என்ற ஹார்மோனின் அளவு காட்டிக்கொடுத்துவிடும். சிறுநீரில் கர்ப்பத்தைச் சோதிக்கிறோமே, அதே ஹார்மோன். சுத்தம் செய்த பிறகு அதன் அளவு இறங்கிக்கொண்டே வர வேண்டும். இறங்காமல் நின்றாலோ ஏறினாலோ உடனே சிகிச்சை. அந்த மாதங்களில் மறுபடி கருத்தரித்தால் அதே ஹார்மோன் ஏறும், நோயா கர்ப்பமா என்று குழப்பம் வரும். "கொஞ்ச நாள் குழந்தை வேண்டாம்" என்று மருத்துவர் சொல்வது இதனால்தான். அடுத்த குழந்தையை அவசரப்படுத்தும் மாமியார்களும் கணவன்மார்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரிட்டனில் 1973 முதல் இப்படிப்பட்ட பெண்கள் எல்லாரையும் பதிவு செய்து, லண்டன், ஷெஃபீல்டு, டண்டீ ஆகிய மூன்று மையங்கள் வழியே கண்காணிக்கிறார்கள். ஆரம்பத்திலேயே பிடிபடுவதால் அங்கே ஏறக்குறைய எல்லாருமே குணமாகிறார்கள். ஒழுங்காகப் பின்தொடரும் ஏற்பாடு ஒன்று இருந்தால் ஓர் அபூர்வ நோயை எந்த அளவுக்கு அடக்கலாம் என்பதற்கு இது நேரடியான சான்று.

ஒரு தாய் கேட்ட கேள்வி

அபூர்வக் கட்டியைக் கூர்ந்து கவனித்தால் அது வேறு உண்மைகளையும் வெளியே இழுக்கும். 1960-களின் கடைசியில் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் இளம் பெண்கள் சிலர் பிறப்புறுப்புப் பாதையில் புற்றோடு வந்தார்கள். அந்த வயதில் அந்தப் புற்று வருவது கேள்விப்படாத ஒன்று. ஒரு பெண்ணின் தாய், தான் கர்ப்பமாக இருந்தபோது சாப்பிட்ட மாத்திரைதான் காரணமாக இருக்குமோ என்று கேட்டார். ஆர்தர் ஹெர்ப்ஸ்ட் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் அதைத் தட்டிவிடாமல் விசாரித்தார்கள். 8 பெண்களில் 7 பேரின் தாய்மார், கருச்சிதைவைத் தடுக்கக் கொடுக்கப்பட்ட டிஇஎஸ் என்ற செயற்கை ஹார்மோனைச் சாப்பிட்டிருந்தார்கள். 1971-ல் இது வெளியானது. அதே ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தது. பிறகு பதிவேடு ஏற்படுத்தி அந்தப் பெண்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். மருந்தைச் சாப்பிட்டதற்கும் நோய் வந்ததற்கும் நடுவே ஒரு தலைமுறை இடைவெளி. பழைய பதிவுகளும், அவற்றை மதித்துக் கேட்ட மருத்துவர்களும் இல்லாவிட்டால் இந்த முடிச்சு அவிழ்ந்திருக்காது.

இழை எங்கே அறுகிறது?

நம் ஊரில் தொடர் கண்காணிப்பு அறுந்துபோக நோயாளியின் அசட்டையை மட்டும் காரணம் சொல்வது அநியாயம். சிறப்பு மருத்துவமனை முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஃபோன் நம்பர் மாறிவிடுகிறது. குழந்தை நல மருத்துவர் பார்த்துவந்த பிள்ளை பெரியவனாகும்போது, அவனை யாரிடம் ஒப்படைப்பது என்ற ஏற்பாடு பல இடங்களில் இல்லை. இவை எல்லாவற்றையும்விடக் கனமானது மறைத்தல். பெண் பிள்ளைக்குப் புற்று வந்தது தெரிந்தால் வரன் அமையாது என்ற பயத்தில் மருத்துவக் காகிதங்களையே கிழித்துப் போடும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பயத்தை உண்டாக்கியது நம் சமூகம். நோயில் பிழைத்த பெண்ணைக் குறையுள்ளவளாகப் பார்க்கும் வழக்கம் ஒழிந்தால் பல உயிர்கள் மிஞ்சும்.

மருத்துவமனைகளும் செய்ய வேண்டியது நிறைய. சென்னையில் 1981 முதல் மக்கள் தொகை அடிப்படையிலான புற்றுநோய்ப் பதிவேடு அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் நடந்துவருகிறது. யாருக்கு என்ன புற்று வருகிறது என்பதை அப்படிப்பட்ட பதிவேடுகளால்தான் அறிகிறோம். அபூர்வக் கட்டி வந்த ஒவ்வொருவரையும் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் தேடிப் பிடித்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க ஆள் வேண்டும், பணம் வேண்டும். வராத நோயாளியை ஃபோனில் கூப்பிடும் ஒரு பணியாளர், ஒரு புதிய ஸ்கேன் கருவிக்கு நிகரான பலனைத் தருவார்.

நோயாளியும் குடும்பமும் செய்யக்கூடியவை எளியவை. டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு, கொடுத்த கீமோ மருந்துகளின் பெயரும் மொத்த அளவும், கதிர்வீச்சு எந்த இடத்தில் எவ்வளவு என்ற விவரம், மரபணுப் பரிசோதனை முடிவு ஆகியவற்றைப் படம் எடுத்து இரண்டு பேர் ஃபோனிலாவது வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: இந்தக் கட்டி திரும்பினால் எங்கே திரும்பும்? எத்தனை வருடம் வரை திரும்பலாம்? எந்த அறிகுறி தெரிந்தால் தேதிக்குக் காத்திராமல் வர வேண்டும்? என் பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டுமா? பதிலை எழுதி வாங்குங்கள். தூரம் கஷ்டம் என்றால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையையும் அல்ட்ராசவுண்டையும் பக்கத்து ஊரில் எடுத்து அனுப்பச் சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

சிறுவயதில் நோய் வந்த பிள்ளை பெரியவனானதும் நோயின் பெயரை, கொடுத்த சிகிச்சையை, இனி கவனிக்க வேண்டியதை மறைக்காமல் சொல்லுங்கள். பயப்படுவான் என்று ஒளிப்பது அன்பினால்தான். ஆனால் அவன் உடம்பைப் பற்றிய உண்மை அவனுக்குச் சேர வேண்டிய சொத்து.

இதைப் படிப்பவர்களில், போக வேண்டிய தேதி கடந்து பல வருடம் ஆனவர்களும் இருக்கலாம். "இத்தனை நாள் எங்க போனீங்க?" என்று கேட்பார்களே என்ற கூச்சம் தடுக்கலாம். அந்தக் கூச்சம் வேண்டாம். அபூர்வ நோயில் பிழைத்து எட்டு வருடம் கழித்து நடந்து வரும் ஒருவர், ஒரு மருத்துவருக்கு எந்தப் பாடப்புத்தகமும் தராத செய்தியைக் கொண்டுவருகிறார். ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் நிம்மதியோடு திரும்பலாம். ஏதாவது இருந்தால் சிறிதாக இருக்கும்போதே பிடிபடும். இந்த மாதமே ஒரு நாளைக் குறித்துக்கொண்டு புறப்படுங்கள்.